சரஸ்வதி பூஜையன்று வீணை பார்க்கப் போனோம்

கலையைக் காட்ட ஆட்களை ரயிலில் கூட்டிப்போகும் தொழிலில், கழிப்பறை எங்கே, காபி எங்கே என்று சொல்லி முடித்த பிறகு மிஞ்சும் நேரம்தான் கலைக்கு. இதே தொழிலில் அல்லல்படும் அன்பர்களே, உங்களுக்கு இது தெரியும்.

இலக்கண நூல்கள் புரட்டாசியைக் கார்காலத்திலும் ஐப்பசியைக் கூதிர்காலத்திலும் வைக்கும். கோயம்புத்தூரில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு பருவம் உண்டு: பூஜா லீவு. பட்டறைகளில் முந்தின நாள் மாலையே இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, வேலையாட்களுக்குப் பொரியும் இனிப்பும் கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டிவிட்டு வந்த பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் பம்ப் பட்டறைக் குடும்பங்களைத்தான் நான் தஞ்சாவூருக்கு ரயிலேற்றினேன்.

என் முந்தைய இரண்டு பயணங்களில் சேர்ந்த கூட்டத்தைவிட ரயிலில் முறுக்கு விற்றவர்கள் அதிகம். அதனால் இந்த முறை என் மனைவி தன் தம்பி செந்திலை வேவு பார்க்கக் கூடவே அனுப்பியிருந்தாள். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவன் அவன். அவள் வழியனுப்பிய அழகு இது: "இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, பேசாம என் தம்பி மில்லுல போய் உக்காந்துக்குங்க."

கொடுமுடியில் ஒரு சொற்பொழிவு

ஈரோடு தாண்டி, கொடுமுடி நெருங்கும்போது எழுந்து நின்றேன். மும்மூர்த்திகளும் ஒரே தலத்தில் இருப்பதைப் பற்றி வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்த உரை. பிரம்மாவை முடித்து விஷ்ணுவுக்கு வந்தபோதுதான் கவனித்தேன், பெட்டி முழுக்க எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் பிரிந்திருந்தன. சட்னி கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு கண்கூட என் பக்கம் இல்லை. எதிர் இருக்கையில் செந்தில் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் மோசம்.

நான் நிறுத்தியதும், குழுவின் தலைவர் பழனிசாமி அண்ணனின் மனைவி ருக்மணியக்கா நிமிர்ந்தார். "அட, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க தம்பி. வாய்தானுங்க வேலையா இருக்குது, காது சும்மாத்தான் இருக்குது."

நிழல் ஆராய்ச்சி

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்பவர்களைத் திருத்துவது எனக்கு ஒரு வியாதி. கூட்டத்தை வெயிலில் நிறுத்தி, சூரியனின் சாய்வு, விமானத்தின் உயரம் என்று விளக்கி, கடைசியில் நிழலையே விரலால் சுட்டிக் காட்டினேன். நாட்டில் ஒரு கட்டுக்கதை குறைந்தது என்ற நிறைவோடு கேள்விகள் உண்டா என்றேன்.

பழனிசாமி அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நெழலு உழுகறது நல்லாத் தெரியுதுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் இங்கயே நின்னா நாங்களும் உழுந்துருவோம். அந்த நெழல்லயே போய் உக்காரலாமுங்களா?"

தொடக்கூடாத வீணைகள்

பயணத்தின் உச்சமாக நான் வைத்திருந்தது வீணை செய்யும் பட்டறை. பலாமரத்தைக் குடைவதைப் பார்க்கலாம், வாசித்தும் கேட்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மாலையில் உள்ளே நுழைந்தோம். உளியெல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துப் படுத்திருந்தது. வீணைகள் பட்டுத்துணிக்குள். "இன்னிக்கு சரஸ்வதி பூஜையாச்சே சார்! நாளைக்குக் காலைல எடுக்கிற வரைக்கும் நாங்களே தொட மாட்டோமே" என்றார் பட்டறைக்காரர்.

வரலாறு படித்தவன் நான். எந்த மன்னன் எப்போது பட்டமேறினான் என்று தூக்கத்தில் சொல்வேன். இன்று என்ன நாள் என்பதை மட்டும் மறந்திருக்கிறேன். அதுவும் பூஜா லீவை நம்பியே ஆள் சேர்த்துவிட்டு! செந்தில் மெதுவாகச் செல்போனை எடுத்தான். எனக்கு மூக்கில் தேங்காய் எண்ணெய் வாசமே வந்துவிட்டது.

பழனிசாமி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய்க் கும்பிட்டார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போனது. பூஜை முடியும்வரை உட்கார்ந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, என் தோளில் தட்டினார். "ஏனுங்க, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? எங்க லேத்தையும் பொட்டு வெச்சு மூடிப்போட்டுத்தான வந்தோம். பூஜையில இருக்கறதத் தொடலாமுன்னு இவரு சொல்லியிருந்தாத்தானுங்க நாங்க கோவிச்சிருப்போம்."

முதல் மீட்டல்

மறுநாள் காலை திட்டத்தில் இருந்த அருங்காட்சியகத்தைத் துறந்து மறுபடியும் அங்கே போனோம். விஜயதசமி. பட்டறைக்காரர் பட்டுத்துணியை விலக்கி, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்து, ஒரே ஒரு தந்தியை மீட்டினார். ஒரு பகல், ஓர் இரவு தந்தி ஒலிக்காமல் கிடந்த அறையில் அந்த ஒலி எழுந்து, சுற்றி, அடங்குவதற்குள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் வாசித்தார். பொட்டலம் பிரியவில்லை. செல்போன் அடிக்கவில்லை. நான்கூடப் பேசவில்லை. எந்தச் சாதாரண நாளில் போயிருந்தாலும் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இன்று ஆரம்பித்தால் வித்தை வளரும் என்று அவர் ருக்மணியக்காவிடம் வீணையை நீட்டினார். அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மீட்டினார். மீண்டும் மீட்டினார். எழுந்திருக்க மனமில்லாமல் என்னைக் கூப்பிட்டார். "எங்கூருப் பக்கம் வீணை சொல்லித்தர யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க தம்பி. இத்தன வருசமா இவரு லேத்துச் சத்தத்த நாங் கேட்டுப்போட்டேன், இனி எஞ்சத்தத்த இவரு கேக்கட்டும்."

திரும்பும் ரயில்

கரூர் வருவதற்குள் அடுத்த பூஜா லீவுக்கு எல்லாக் குடும்பமும் பெயர் கொடுத்துவிட்டது. சில குடும்பங்கள் சம்பந்தி வீட்டையும் சேர்த்தன. மூன்றாம் முறையாக நான் வீணையின் வரலாற்றை ஆரம்பித்தபோது, சிலர் நிஜமாகவே கேட்டார்கள்.

செந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் அக்காவிடம் போனில் பேசியாகிவிட்டது என்றான். என்ன சொன்னாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவனே சொன்னான். "மில்லுக்கு வேற ஆளப் பாத்துக்கறேனுங்க மச்சான். அடுத்த தடவ எனக்கும் ஊட்டுக்காரிக்கும் சன்னல் சீட்டாப் போட்டுருங்க. கொடுமுடியில மட்டும் நீங்க செத்த உக்காந்துக்குங்க."

தப்பான நாளுக்கு டிக்கெட் எடுப்பது எவருக்கும் வரும் பிழைதான். அந்த நாளைக் கும்பிடத் தெரிந்த கூட்டம் கூட வந்துவிட்டால் அதையே திட்டமிடல் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.