எட்டாவது சிவப்பு ஸ்டிக்கர்

பவளத்துக்குப் பாட்டு என்றால் உயிர். இதை எழுதும்போதே எனக்கு என் மேல் கோபம் வருகிறது. அந்த உயிரோடு விளையாடியவர்களில் நானும் ஒருத்தி.

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் கோவிந்தப்பனின் மகள் அவள். பத்தொன்பது வயதில் போச்சம்பள்ளி சிப்காட்டில், செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு வந்தாள். ஐந்து வருடம் லைனில் எனக்குப் பக்கத்து நாற்காலி. முகக்கவசத்துக்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாள். லைன் லீடர் வருவது தெரிந்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள். ஹாஸ்டலில் அவள் குளிக்கப் போனால் போச்சு, பாட்டு முடியும்வரை வாளியும் கையுமாக மூன்று பேர் வெளியே நிற்போம்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்று கம்பெனியில் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பாடினாள். லைன் லீடர் சரோஜம்மாள் முதலில் கைதட்ட, ஹால் முழுக்கத் தட்டியது. பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமா சொல்லு ஜோதி, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சூப்பர்டி" என்றேன்.

ஆறே மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். லைனில் இருந்தபடியே தபாலில் படித்து வாங்கிய பி.காம். கையில் இருந்தது. அதை வைத்து ஓசூரில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். பாட்டுகளை எப்படிச் சந்தைப்படுத்துவது என்று அங்கே ஒரு பாடம் இருக்கிறதாம், அதற்காகவே அந்தக் கல்லூரி.

கடைசியில் பிராஜெக்ட் வந்தது. ஒரு புதுப்பாட்டை எடுத்துக்கொண்டு அதை யார் கேட்பார்கள், அவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று திட்டம் போட வேண்டும். கேட்கக்கூடிய எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் சொல்வதைக் கொண்டு எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதற்கு ஃபோகஸ் குரூப் என்று பெயர். முடிவு நாளில் பெங்களூரிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனிக்காரர்கள் வந்து, வகுப்பிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள்.

பவளம் தன் பாட்டையே வைத்தாள். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியது. கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு போகும் பெண்களுக்கான பாட்டு. அதனால் எங்கள் ஹாஸ்டலில் ஆள் சேர்த்துத் தரச் சொன்னாள். நானும், அவள் போன பிறகு வேலைக்கு வந்த ஏழு பேரும்.

"பாடுனது நான்னு சொல்லிடாத. பெங்களூர்ல ஒரு பொண்ணுன்னு சொல்லு. அப்பதான் வாய் தெறந்து பேசுவாங்க" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "இருபத்தாறு ஆயிடுச்சு ஜோதி. இந்த வயசுக்கு மேல இனி லைன்லயும் எடுக்க மாட்டாங்க. இந்தப் பாட்டு போவலன்னா நான் என்னாடி பண்ணுவேன்?"

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பாட்டைப் போட்டாள், கேள்வி கேட்டாள். "சூப்பர்க்கா" என்றாள் ஒருத்தி. "நல்லா இருக்குதுங்க" என்றாள் சரிதா. தளிப் பக்கத்துக் கெம்பம்மா, "சென்னாகிதே அக்கா" என்று கன்னடத்தில் அதையே சொன்னாள். ஏழு பேரும் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுத்தார்கள். நானும் அடித்தேன்.

அவர்களைக் குறை சொல்லக் கூடாது. கேன்டீனில் ஒருமுறை கருத்துத் தாள் கொடுத்தார்கள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒரு பெண் உள்ளதை எழுதினாள். மறுநாள் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, யார் சொல்லி எழுதினாய் என்று அரை மணி நேரம் கேட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எங்களுக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தாளை நீட்டினாலும் 'சூப்பர்'தான். தாளை நீட்டுவது யார் என்றுகூடப் பார்ப்பதில்லை.

கல்லூரி மேடம் அந்தத் தாள்களைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "இது கருத்தா, கல்யாண வீட்டு மொய்யா? இதுல எதைத் திருத்துவ? அடுத்த புதன்கிழமைக்குள்ள உருப்படியா கொண்டுவா. இல்லன்னா உன் பாட்டு லிஸ்ட்லயே கிடையாது" என்றாராம்.

பவளம் போனில் அழுதாள். அழுவது என்றால் சும்மா இல்லை, பேச்சே வராத அழுகை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன்: "கருத்து கேட்டா ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா. குறையக் கண்டுபுடிங்கன்னு சொல்லிப் பாரு, ஒருத்தியும் விட மாட்டா. எங்க பொழப்பே அதுதானே."

நாங்கள் எட்டுப் பேரும் சோதனைப் பிரிவு. கம்பெனியை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டினால் யாரும் திட்ட மாட்டார்கள். ஒட்டாமல் விட்டால்தான் திட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவளம் பாட்டு வரிகளை அச்சடித்துக்கொண்டு வந்தாள். கூடவே ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். "பாட்டை மூணு தடவை போடுறேன். இது ஒரு பீஸுன்னு வெச்சுக்கோங்க. ஒரே ஒரு ஸ்டிக்கர்தான். எந்த எடத்துல ரிஜெக்ட்டோ அங்க ஒட்டுங்க" என்றாள்.

கூடமே மாறிப்போனது. முதுகை நிமிர்த்தினார்கள். கெம்பம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது தடவை பாட்டு முடிவதற்குள் ஒவ்வொருத்தியாக ஒட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருப்பவள் தாளை ஒருத்தியும் பார்க்கவில்லை. ஆனாலும் ஏழு ஸ்டிக்கரும் ஒரே வரியில் விழுந்தன. 'என் ஊரு பஸ் எப்போ வரும்' என்று குரல் மேலே ஏறுகிற வரி.

"பாட்டு நல்ல பாட்டுங்க்கா" என்றாள் சரிதா. போன வாரம் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டவள். "மெட்டும் நல்லா இருக்குது. பாடுறவங்களுக்குத்தான் மேல போவ முடியல. இழுத்துப் புடிச்சு பாடுறாங்க, கேக்கறப்ப நமக்கே தொண்ட வலிக்குது. வேற யாராச்சும் பாடுனா ஓடும்."

"எப்படிப் பாடணும்?" என்று பவளம் கேட்டாள். குரலில் ஒன்றுமே தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிதா வெட்கப்பட்டுக்கொண்டே அந்த ஒரு வரியைப் பாடிக் காட்டினாள். சுலபமாக, உட்கார்ந்த இடத்திலேயே. அந்த வரிக்கு இத்தனை அழகு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இதேதான், இதேதான்" என்று கெம்பம்மா கை தட்டினாள். பவளம் அதையும் போனில் பதிவு செய்தாள். அதுவும் ஒரு கருத்துதானே.

எல்லோரும் போன பிறகு தாள்களை அடுக்கினாள். என் தாளில் ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் என் கட்டைவிரலிலேயே இருந்தது.

"ஆயுத பூஜை அன்னிக்கு" என்றாள். "அன்னிக்கு நெசமாவே நல்லா இருந்துச்சா ஜோதி?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது பழக்கம்தான். ஆனால் வாய் வரவில்லை.

"பசிடி பவளம். பூஜை முடிஞ்சாத்தானே பொரியும் சுண்டலும் குடுப்பாங்க. சரோஜம்மா தட்டுனாங்க, நாங்களும் தட்டுனோம்."

அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வேலையை விட்டது, அப்பாவிடம் சண்டை போட்டது, ஓசூரில் தனியாக அறை எடுத்துக் கிடந்தது, எல்லாம் எதை நம்பி என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான்.

"லைன்ல வந்திருந்தா இந்த பீஸை நீ விட்டிருப்பியா?" என்றாள்.

"மாட்டேன்."

"அப்ப ஒட்டு."

என் விரலிலிருந்து அதைப் பிரிக்க முடியவில்லை. நகத்தால் பிரித்தேன். ஏழு பேர் ஒட்டிய அதே வரியில், அதே இடத்தில் ஒட்டினேன். அவள் அந்தத் தாளை வாங்கி மற்ற ஏழோடு சேர்த்தாள். மேசையில் தட்டி ஓரம் சரிசெய்தாள்.

"புதன்கிழமைக்குள்ள மறுபடியும் ரெக்கார்ட் பண்ணணும்" என்றாள். "நாளைக்கு சரிதாவுக்கு என்னா ஷிப்ட்டு?"

"பி ஷிப்ட்டு. காலையில சும்மாத்தான் இருப்பா."

"கூப்பிடு" என்றாள். நான் எழுந்து மாடிக்குப் போனேன்.