கம்ப்யூட்டர் கூட்டாளி நம்பிய ஏலம்

இட ஒதுக்கீட்டுப் போராட்ட மறியலில் எங்கள் பஸ் எலவனாசூர்கோட்டையில் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பிரசவ வலி. போனில் கேட்டாள். பயப்படுவாளே என்று, "கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன், இதோ அஞ்சு நிமிஷம்" என்றேன்.

படபடப்பு தாங்காமல் போனில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தைத் திறந்தேன். அதில் நாம் கேட்கும் ஏலத்தை வைத்துத்தான் நம் கையில் என்ன சீட்டு இருக்கிறதென்று கூட்டாளி கணிக்க வேண்டும். என் கூட்டாளி கம்ப்யூட்டர். கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல், வழக்கம்போல ஏலத்தை உயர்த்தினேன். அது இன்னும் மேலே ஏற்றியது. படுதோல்வி. "அறிவிருக்கா இதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அது இன்னா பண்ணும் சார்? உங்க கையில இன்னா இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நீங்க சொன்னத நம்பி ஏத்திக்கினு போவுது."

சர்க்கரை ஆலையில் என்னோடு ஆடும் நண்பர்கள் என் ஏலத்தில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்குக் கழிக்கத் தெரியவில்லை.

அவளும் என் 'அஞ்சு நிமிஷ'த்தை நம்பியிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. மனைவியை அழைத்தேன்.

"நீங்க வந்துட்டீங்கன்னு அண்ணன வூட்டுக்கு அனுப்பிட்டேங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டுக்கினு நிக்கிறாங்க. எங்க கீறீங்க?"

"எலவனாசூர்கோட்டையில. பொய் சொல்லிட்டேன். அண்ணனத் திரும்பக் கூப்புடு."

அவள் உடனே போனை வைத்துவிட்டு அண்ணனை அழைத்தாள்.

மச்சான் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் என் மனைவி பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கிறாள்.