ஐந்தாவது தந்தி

என் கணவர் சர்ச்சில் ஞாயிறு பூசையில் பேஸ் கிடார் வாசிப்பவர். பிடியில் சுரத்துக்கு இடம் காட்டும் குறுக்குக் கட்டைகள், அதாவது ஃபிரெட், இல்லாத கிடார் அவருடைய நெடுநாள் ஆசை. கடையில் நான்கு தந்தி கிடாரைக் கையில் எடுத்தார். "வாங்குறதே ஒரு தடவ, அஞ்சு தந்தியாவே வாங்குங்க" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "சரி" என்றார்.

அடுத்த பூசையிலேயே சுருதி பிசகியது. ஃபிரெட் இல்லாததில் விரல் நூலளவு நகர்ந்தாலும் போச்சு. ஐந்து தந்திக்குப் பிடி அகலம். எப்போதோ மெஷினில் அடிபட்ட அவருடைய சுண்டுவிரல் எட்டவில்லை. வீட்டில் கையை வெந்நீரில் வைத்திருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா சொன்ன. எப்டி வேணாம்றது?"

பில் போடும்வரை அந்த நான்கு தந்தி கிடாரை அவர் கீழே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே மாற்றினோம்.

இப்போது பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கினாலும் அவருடைய 'சரி'யை நான் நம்புவதில்லை. கையைத்தான் பார்க்கிறேன்.