தெமெங்கோர் ஏரியில் அண்ணன் அடைத்துப் பிடித்த துளை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். படித்தவள், வேகமாக எழுதிவிடுவாள் என்று அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் கொடுத்தார்கள். வேகமாகத்தான் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். காரணம் பயம்.

எதற்குப் பயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியில் எங்கள் படகு மூழ்கப் பார்த்தது அண்ணனின் கவனக்குறைவால்தான் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருமாதிப் பந்தியில்கூட அதைப் பேசினீர்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். அது அண்ணனின் தவறு அல்ல. என்னுடையது. உங்களிடம் அதைச் சொல்வதற்கு முன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் பெரிய பயம்.

இருந்தாலும் அவருடைய வாழ்க்கையை ஒழுங்காகத் தொடக்கத்திலிருந்து சொல்வதுதான் முறை.

அண்ணன் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே பால்மரம் வெட்டினார், மரப்பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. அண்ணனுக்கும் எனக்கும் பதினான்கு வயது இடைவெளி. தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் தோண்டிக் கைவிட்ட பெரிய குட்டை ஒன்று இருந்தது, லொம்பொங் என்பார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அங்கே அவரோடு குளிக்கப் போன கூட்டாளி ஒருவன் மேலே வரவில்லை. அண்ணன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அவர் நம்பியதில்லை. உறவுக்காரர்களோடு பங்கோர் தீவுக்குப் போனபோதும், காலணியைக் கழற்றாமல் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். உங்களில் சிலரிடம் அந்தப் படம் இருக்கும்.

அவர் பள்ளியில் பாரம் ஐந்து முடித்த ஆண்டில் அப்பா தவறினார். தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் ஈப்போவில் ஏர்கோன் பொருத்தும் கடை ஒன்றில் சேர்ந்து, அம்மாவையும் மூன்று வயதான என்னையும் அழைத்து வந்தார். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார். அண்ணியைக் கட்டினார், ஒரு குழந்தையும் பிறந்தது. இடுப்பில் கயிறு கட்டாமல் அவர் எந்தக் கூரையிலும் ஏறியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கூட வேலை செய்தவர்கள் தொடைநடுங்கி என்று கேலி செய்வார்கள். "நடுங்குறவன்தான் சாய்ந்தரம் வீட்டுக்கு வாரான் லா" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவரையா கவனமில்லாதவர் என்றோம்?

என்னைப் போலிடெக்னிக்கில் படிக்க வைத்தவர் அவர்தான். படித்து வேலைக்குப் போன பிறகும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. மலையேற்றம், பிறகு சைக்கிள், பிறகு மீன் பிடிப்பது. அதிலும் டுரோலிங். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் நீளமாகப் பொய்மீன்களை இழுத்துக்கொண்டு போவது. ஆழத்தில் கிடக்கும் தோமான் என்ற பெரிய விரால், உயிருள்ள மீன் என்று நினைத்துத் துரத்திக் கவ்வும். இதற்குப் பேராக்கில் தெமெங்கோரைவிடப் பெரிய ஏரி ஏது? காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். தனியாகவாவது போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"போவ. அதுதான் பயமா இருக்கு," என்றார். "இரு, நானும் வாரேன்."

பாரிட் புந்தாரில் ஒருவர் ஆற்றில் ஓட்டிக்கொண்டிருந்த பதினான்கடி ஃபைபர் படகையும், அதை இழுக்கும் டிரெய்லரையும், சிறிய இயந்திரம் ஒன்றையும் வாங்கினோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசல் பட்டறையாகிவிட்டது. தூண்டில் தாங்கிகளைப் பக்கத்துக்கு இரண்டாக வைத்தேன்; படகு திரும்பும்போது தூண்டில் நரம்புகள் சிக்காதபடி முன்னிரண்டை அகலச் சாய்த்து, பின்னிரண்டைத் தாழ்த்தி. ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவியைப் பொருத்தினேன். அதற்கான பேட்டரியைப் பெட்டியில் போட்டுப் பின்னால் வைத்தேன். நின்று மீனை இழுக்க வசதியாகவும், ஒயர்கள் காலில் படாமலும் இருக்க அடியில் பலகைத் தளம் போட்டேன். அந்தத் தளத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அடி தெரியணும் பாப்பா. தண்ணி வந்தா எப்படித் தெரியும்?"

"தண்ணி ஏன்ணே வருது? ஓட்டையா வாங்குனோம்?"

"தண்ணிய எறைக்கிற பம்பு ஒன்னு பாத்தமே, அது?"

"அடுத்த மாசம்ணே. மொதல்ல போயிட்டு வரலாம்."

அவர் சேர்த்தவை வேறு. தரமான மிதவைச் சட்டைகள், இரண்டு துடுப்பு, நீளக் கயிறு, விசில். புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை எழுதச் சொன்னதும் அவர்தான். பதினாறு வரி எழுதி என் கைப்பேசியில் வைத்தேன்.

முதல் பயணத்தன்று காலையில் அம்மா பூசை போடாமல் படகு வாசல் தாண்டக் கூடாது என்றார். "வண்டிக்கு மட்டுந்தான் செய்வீங்களா? தண்ணில போற சாமானுக்குத்தான் மொதல்ல செய்யணும்." டிரெய்லர்ச் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைப் படகுக்குள்ளேயே ஊற்றினார். அது வடிந்தால்தான் பொட்டு வைக்க முடியும். படகின் பின்புறம் அடியில், தண்ணீர் வடிவதற்கென்றே கட்டை விரல் அளவுக்கு ஒரு துளை உண்டு. திருகு மூடியால் அதை அடைத்திருப்பார்கள். நான் அந்த மூடியைக் கழற்றினேன். கையில் வைத்திருக்க முடியாமல், பக்கத்திலிருந்த பூசைத் தட்டில், வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வைத்தேன். அம்மா சூடம் காட்டி, எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அண்ணன் பிக்கப்பில் டிரெய்லரைக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

கிரிக் ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் படகை இறக்கும்போது அண்ணன் கேட்டார்: "லிஸ்ட்டு பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே."

"பதினாறும்?"

"பதினாறும்ணே. வாங்கண்ணே, மழைக்கு முன்ன போலாம்."

வரும் வழியிலேயே வண்டியில் உட்கார்ந்தபடி பதினாறுக்கும் குறி போட்டுவிட்டிருந்தேன். ஒன்பதாவது வரி அந்த மூடி. அவர் வண்டியை மேலே நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் இயந்திரத்தை ஓட விட்டிருந்தேன். என் வார்த்தையை நம்பி ஏறினார். ஏறும்போது அவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன், கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

வேகமாக ஓடும் படகில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறாது. இருபது நிமிடம் நன்றாகவே போனோம். காட்டோர வளைவு ஒன்றில் வேகத்தைக் குறைத்து, நான்கு தூண்டில்களையும் விட்டேன். மெதுவாகப் போகும்போது படகின் பின்பக்கம் தாழும். துளை தண்ணீருக்குள் போனது. என் அழகான பலகைத் தளத்துக்குக் கீழே ஏரி ஏறிக்கொண்டிருந்தது. மேலே நான் தோமானைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரை அணைந்தது. பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர். படகைத் திருப்பினேன், அது திரும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து யோசித்தது. அண்ணன் ஒரு பலகையைப் பெயர்த்தார். கீழே தரை இல்லை, கறுப்பாக ஏரி.

"மூடி," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. மிதவைச் சட்டையைக் கழற்றினார், உள்ளே போட்டிருந்த சட்டையைக் கழற்றினார், மிதவைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நேரத்திலும் மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டையை முறுக்கி, குப்புறப் படுத்து, தோள் வரை தண்ணீருக்குள் கையை விட்டுத் துளையைத் தேடித் திணித்தார். உள்ளே வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அதனால் கையை எடுக்கவே முடியவில்லை. தண்ணீருக்குப் பயந்து பங்கோரில் காலணி கழற்றாதவர், கன்னத்தில் ஏரித் தண்ணீர் அடிக்க அப்படியே கிடந்தார்.

"ஐஸ் பொட்டி மூடிய எடுத்து எறை. அழாத, அழுதா இன்னும் தண்ணி கூடும்."

இறைத்தேன். சற்றுத் தொலைவில் ஏரிக்குள் செத்த மரங்கள் நின்றன. "கரையப் பாக்காத, தூரம். அந்த மரத்தப் பாத்து மெதுவா விடு," என்றார். ஊர்ந்து போய் ஒரு மரத்தில் அவருடைய நீளக் கயிற்றைக் கட்டினேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் விசில் ஊதினேன், இறைத்தேன், ஊதினேன். "இன்னிக்கு மீனு நம்மள டுரோலிங் பண்ணுது லா," என்றார் அண்ணன். அவருடைய பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வலை போட வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் விசில் கேட்டு வந்து, ஒரு மரக்குச்சியைச் சீவி, துணி சுற்றித் துளையில் அடித்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். அண்ணனால் கையை மடக்க முடியவில்லை. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்தால் சாமி மாடத்தில் அந்த மூடி, குங்குமப் பொட்டோடு. அம்மா கையில் எடுத்து, "இத யாரு கழட்டுனது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றார் அண்ணன். "நேத்து ராத்திரியே கழட்டி, சாமிகிட்ட வச்சிட்டு மறந்துட்டேன்."

பிறகு தனியாக அவரிடம் சண்டை போட்டேன். "நீ கழட்டுனேன்னு சொன்னா, ஏன் கழட்டுனேன்னு கேப்பாங்க," என்றார். "நாம ஊத்துன தண்ணிக்குத்தானேன்னு அம்மாவுக்குத் தோணும். தட்ட உள்ள கொண்டு போனதும் அவங்க. தாங்க மாட்டாங்க. என்னத் திட்டிட்டுப் போகட்டும் விடு."

அம்மா திட்டினார். ஏழு மாதம் திட்டினார். தங்கச்சியக் கொல்லப் பாத்தியே என்ற வார்த்தை வரை வந்தது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாள்களைத் தள்ளினேன்.

ஏழாவது மாதத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. தண்ணியில் பயந்த பயம் உடம்பில் தங்கிவிட்டது என்று சிலர் சொன்னீர்கள். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். பல வருடமாக மெல்ல அடைத்துக்கொண்டு வந்த இரத்தக் குழாய், ஏரிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். அவரை நம்புகிறேன். வெயில் அடிக்கும்போது நன்றாகவே நம்புகிறேன். மழைக்கு இருட்டினால் நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இதுவரை நீங்கள் படித்ததை அப்படியே வாசித்தேன். அம்மாவின் கை நின்றது.

"தட்டுல வச்சது நீ."

"ஆமாம்மா."

"உள்ள கொண்டு போனது நானு. மூடிக்கும் சேத்துப் பொட்டு வச்சேன்."

அண்ணன் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். எழுந்து போய் அண்ணனின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"ஏண்டா, நான் தாங்க மாட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா? ஒங்கப்பனப் பொதச்சிட்டு ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு நின்னவடா நானு. ஏழு மாசம் வாயில வந்ததெல்லாம் சொன்னேனே, ஒரு நா வாயத் தொறந்தியா?"

திட்டி முடிய வெகுநேரம் ஆயிற்று. அண்ணியும் வந்து பக்கத்தில் நின்றார். நான் பயந்து பயந்து, "மலர்ல போடலாமாம்மா?" என்றேன்.

"போடு. நான் திட்டுனத விட்டுடாத, அதையும் போடு."

அதற்குப் பிறகு என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறார். அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அன்று எங்களை இழுத்து வந்த மலாய்ப் பெரியவருக்கும், பெயர் கேட்க மறந்ததற்கு மன்னிப்போடு, எங்கள் நன்றி. அண்ணனைக் காரில் தூக்கி வைத்த அண்டை வீட்டாருக்கும், பாகான் செராயிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் அன்றே ஓடி வந்த சொந்தங்களுக்கும், இந்த ஓராண்டு அண்ணியையும் குழந்தையையும் தனியே விடாத அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். இனி யாரும் அண்ணனைக் கவனமில்லாதவர் என்று சொல்ல வேண்டாம். இன்று பந்தியில் நான்தான் பரிமாறுவேன். சொல்ல வேண்டியதை, இலையில் நான் குனியும்போது, என்னிடமே சொல்லுங்கள்.