பேசாத கிறிஸ்துமஸ் தாத்தா

எனக்குப் பயம் வந்தால் முதலில் வேலை செய்வது வாய்தான். மூளை சாவகாசமாகப் பின்னால் வரும். இந்த வயதிலேயே அப்படி என்றால், மூன்றாம் வகுப்பில் கேட்கவே வேண்டாம்.

அந்த வருஷம் எங்கள் மாதா கோயில் கேரல் குழுவில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தை அப்பா வலியக் கேட்டு வாங்கியிருந்தார். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடி. தாத்தா ஆடலாம், கை குலுக்கலாம், மிட்டாய் கொடுக்கலாம். பேச மட்டும் கூடாது. குரலை வைத்துப் பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். உள்ளே இருப்பது யார் என்று குழுவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் கிளம்பி, தாடிக்கொம்பு ரோட்டில் வீடு வீடாகப் பாடி ஆடிக் கடைசியில் பெரியப்பா தெருவுக்குள் திரும்பினோம். பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் விடுபட்டதிலிருந்து, அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம். முகமூடி நழுவினால் இன்றைக்குக் கொலை விழும் என்று முடிவே செய்துவிட்டேன்.

டிரம் அடிக்கிற அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அந்த வீட்டுக்கு வேணாம்ணே. அம்மை போட்டிருக்கு."

"யாருக்குலே?"

"எல்லாருக்கும்."

அதற்குள் கதவு திறந்து, அம்மை போட்ட பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். தாத்தாவின் கையைப் பிடித்தவர் பாட்டு முடிந்தும் விடவில்லை. நான் மனசுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். பதற்றத்தில் எங்கள் ஹெட்மாஸ்டரையும் கூப்பிட்டதாக ஞாபகம்.

பெரியம்மா தட்டு நிறையக் காபி கொண்டுவந்தார். பெரியப்பா ஒரு டம்ளரைத் தனியாக எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினார்.

"இதுல சீனி போடலப்பு. செத்த நேரம் உக்காந்து குடி."

தாத்தா டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு மெல்ல முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சூடா இருக்குண்ணே."

"குடு, ஆத்தித் தாரேன்."

கண்ணைத் திறந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரம் அண்ணன், "இந்தப் பய உங்க வீட்டுல எல்லாருக்கும் அம்மைன்னான்" என்று என்னைப் போட்டுக்கொடுக்க, வீடே சிரித்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதே அந்த ஆடியில்தான். பேச்சுவார்த்தையே இல்லாத பெரியப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது, யாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தாத்தா வேஷம் போட்டால் சீனியில்லாத காபிதான் கொடுப்பார்கள் போலிருக்கிறது, பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டு, என் டம்ளருக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்டேன்.