ஸ்பிண்டிலின் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு

வாசகரே, இதற்கு நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும். பேச்சுப் போட்டி மேடைகளில் நடுவர்களை நோக்கிப் பேசியே பழகியவன் நான். கண்ட வியப்பை எங்கள் மாடியறைக்குள் பூட்டிவைக்க மனம் ஒப்பவில்லை.

சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டு மாடியில், அக்கா தன் கையாலேயே கோத்து உருவாக்கிய சிறிய சிஎன்சி இயந்திரம் இருக்கிறது. கணினி வழிகாட்ட, ஸ்பிண்டில் என்னும் சுழல் மோட்டார் மேலும் கீழும் ஏறி இறங்கி மரத்தில் பூவேலை செதுக்கும். பனவடலிசத்திரத்து அண்ணாச்சி ஒருவர், தம் புதுவீட்டு நிலைக்கு மேலே பதிக்க ஒரு வேப்பம்பலகையைக் கொடுத்திருந்தார். வெட்டிய பழைய வேம்பில் தேறியது அந்த ஒரே பலகைதான். கெட்டால் மாற்று இல்லை. அக்காவுக்கோ அதுதான் முதல் வேலை.

ஸ்பிண்டிலைத் தாங்கிய பழைய பிளாஸ்டிக் பிடி வெட்டும்போதெல்லாம் நடுங்கியது. ஆகவே அதைக் கழற்றி எறிந்தாள். தடித்த அலுமினியத் தகடும், எஃகுத் தண்டவாளங்களும், புதிய திருகுத் தண்டும் வரவழைத்து, அலுமினியத்தில் புதுப் பிடி செய்து பூட்டினாள். கையால் அசைத்துப் பார்த்தேன். பாறை போல் நின்றது.

ஆனாலும் கழிவுப் பலகையில் ஓட்டிய சோதனை தோற்றது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கம் தாழ்ந்து, விரலை ஓட்டினால் படிபடியாக நெருடியது. ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது!

அந்நேரம் மின்சாரம் போனது. தெருவின் விசைத்தறிகள் அடங்கின. அக்கா ஸ்பிண்டிலின் முனையில் வளைத்த கம்பியொன்றைச் செருகிக் கையால் சுற்றினாள். கம்பிக்கும் மேசைக்கும் இடையே ஒரு காகிதத்தைப் பிடிப்பது என் பணி. இடப்பக்கம் கம்பி காகிதத்தைக் கவ்வியது, வலப்பக்கம் வழுக்கவிட்டது.

"பேப்பர ஆட்டாதல, இது மேடையில்ல," என்றாள்.

பிடியைக் கழற்றித் திருப்பினாள். அதன் முதுகில், ஒரு மூலையில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. காலையில், பிடியைப் பூட்டுமுன், அம்மா அதற்குப் பூசை போட்டிருந்தாள்.

"எம்மா! பொட்ட நெத்தியில வைப்பியா, முதுகுல வைப்பியா?" என்று, சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறி வந்த அம்மாவைக் கேட்டாள் அக்கா.

"ஒம் மெஷினுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு எனக்கென்னட்டி தெரியும்? முன்னால வச்சா மரத்தூளு பட்டு அழிஞ்சிரும்லா, அதான் உள்ள வச்சேன்," என்ற அம்மாவின் பார்வை வேப்பம்பலகைக்குத் தாவியது. "அண்ணாச்சி பலகைக்கு ஒண்ணும் ஆவலயே?"

"அத இன்னும் தொடவே இல்லம்மா."

நகத்தால் சுரண்டினால் உதிரும் அந்தப் பூச்சு, பிடிக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கி, இரும்பையும் அலுமினியத்தையும் நெம்பிச் சாய்த்திருக்கிறது!

துடைத்துப் பூட்டினாள். காகிதம் நான்கு திசையிலும் ஒரே இறுக்கத்தில் நின்றது. மின்சாரம் வந்தது, தறிகள் இரைந்தன. வேப்பம்பலகையில் வெட்டுமுனை இறங்கியது. கொடி பிறந்தது, கொடியில் இலை, இலையில் நரம்பு. விரலை ஓட்டினேன். நெருடலே இல்லை. வேம்பின் கசந்த மணம் மாடியறையை நிறைத்தது.

அம்மா சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தபடி படியிறங்கத் திரும்பினாள். நான் அதை வாங்கி, தகட்டின் முன்புறத்தில் ஒரு பொட்டிட்டு, தறிகளின் இரைச்சலையும் மீறி உரக்கச் சொன்னேன்:

"எம்மா, இனிமே இதுக்குப் பொட்டு வைக்கது என் பொறுப்பு. தூளு அழிக்க அழிக்க நான் வைப்பேன்!"