கடைச் சாமானும் கப்பல் சாமானும்

கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வண்டி நின்றுபோன எரிச்சலில் வருவார்கள், வந்ததும் முதல் வேலையாக நம்மைச் சந்தேகப்படுவார்கள். கல்லாவில் உட்கார்ந்து பழக்கப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் கடை திருவண்ணாமலையில் திண்டிவனம் ரோட்டில் இருந்தது. சரக்கு எடுக்க என் வீட்டுக்காரர் அடிக்கடி மெட்ராஸ் போய்விடுவார், அதனால் 1989-லிருந்து கல்லா என் பொறுப்பு. பக்கத்திலேயே தஸ்தகீர் பாயின் ஒர்க்‌ஷாப். எங்களிடம் வாங்குவார்கள், அவரிடம் மாட்டுவார்கள். இருவரும் கூட்டு என்று ஊரே நம்பியது. ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடித்ததைத் தவிர வேறு கூட்டு எங்களுக்குள் இருந்ததில்லை.

முகர்ந்து பார்த்தவர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி வருவார். பழைய அம்பாசடர் வைத்திருந்தார். வாட்டர் பம்ப் கேட்டார், எடுத்து வைத்தேன். முதலில் அட்டைப்பெட்டியை வெயிலில் பிடித்து எழுத்துக்களைப் படித்தார். பிறகு பம்ப்பை எடுத்து நகத்தால் சுரண்டினார். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தும் பார்த்தார். மல்லாட்டையை அப்படிப் பார்த்தால் பூச்சி பிடித்ததா என்று தெரியுமாம். இரும்பில் என்ன தெரிந்ததோ, முகம் சுளித்தார்.

"ஒரிஜினல்தாங்க. பாருங்க, கம்பெனி முத்திரையே இருக்கு" என்றேன். முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குள் ஆம்பளை யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கடைசியில் பம்ப்பை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது சொன்னார்: "பொட்டி ஒரிஜினல்தாம்மா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

காவலுக்கு உட்கார்ந்த அம்மா

அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் கிளட்ச் பிளேட் வாங்கினார். பாய் அதை மாட்டுவது போல மாட்டி, நடுவில் பழைய பிளேட்டை மாற்றி வைத்துவிடுவார் என்று அவருக்குப் பயம். ஆபீஸுக்கு லீவு போட முடியாது. அதனால் தன் மனைவியை ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா பட்டுப் புடவையும் கைப்பையுமாக, கிரீஸ் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாயின் கையையே பார்த்தபடி இருந்தார். நான் டீ கொடுத்தனுப்பினேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். டீ கொடுத்து ஏமாற்றுவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தாராம்.

மத்தியானத்துக்குள் நிலைமை மாறியது. கார் அடியில் படுத்திருந்த பாய், ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும்போது "பாத்துக்குங்கம்மா, இது பழசு. இது புதுசு" என்று காட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. என் கடைக்கு வந்து ஃபேன் அடியில் உட்கார்ந்தார், டீயும் குடித்தார். வீட்டில் பால்காரர், மளிகைக் கடைக்காரர், பிள்ளைகளின் டியூஷன் வாத்தியார் என்று எல்லாருக்கும் வீட்டுக்காரர் தன்னைத்தான் காவல் வைப்பார் என்று சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் அவர் கணவர் வந்து, "பாத்துக்கினியா? எதனா மாத்துனாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பிளேட்ட யாரும் மாத்தலைங்க. உங்க புத்தியத்தான் யாராவது மாத்தணும்."

ரைஸ் குக்கர் பெட்டியில் வந்தது

ஏழுமலை என்று ஒரு டாக்ஸி டிரைவர். அவருடைய அம்பாசடரில் பழைய ஜப்பான் டீசல் இன்ஜின் மாட்டியிருந்தது. அப்போது பல பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். ஒரு நாள் டீசல் பம்ப் போய்விட்டது. மெட்ராஸில் விசாரித்து நாங்கள் சொன்ன விலையைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் மச்சானுக்குப் போன் போட்டார். அங்கே பாதி விலைதான் என்று பதில் வந்தது. "அங்கயே பாதி விலைன்னா நீங்க எவ்ளோக்கா வச்சி விக்கறீங்க?" என்று என்னிடமே கேட்டார்.

பம்ப் வரும்வரை வண்டி பாய் ஒர்க்‌ஷாப்பில் செங்கல் மேல் நின்றது. ஏழுமலை தினமும் வந்து அதைத் துடைப்பார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வாடிக்கையாக அவர் வண்டியில் போனவர்கள் வேறு வண்டி பிடித்தார்கள். அவர் மனைவி அடுத்தவர் கொல்லையில் களையெடுக்கக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார். கடைசியில் ஊருக்கு லீவில் வந்த யாரோ ஒருவர், துண்டுகளில் சுற்றி, ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்து பம்ப்பைக் கொண்டுவந்தார். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். பழைய பம்ப்பைக் கழுவி பாலிஷ் போட்டது போல இருந்தது. பாயும் உதட்டைப் பிதுக்கினார். "மாட்டறேன் தம்பி. ஆனா வழியில நின்னா என்னக் கேக்காத. வேல ஜாஸ்தி, கேரண்டி கம்மி" என்றார்.

மாட்டினார். வண்டி கிளம்பியது. அது நிற்கும் நாளுக்காக நான் காத்திருந்தேன் என்று சொன்னால் பாவம், காத்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். மாசங்கள் போயின, வருஷமும் போனது. என் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஏழுமலை வேகத்தைக் குறைப்பார், ஹாரன் அடிப்பார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவார்: "இன்னும் ஓடுதுக்கா!"

ரெண்டு பக்க ரப்பர்

செல்வம் என்பவர் வேன் வைத்து ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். ஒரு காலையில் பிரேக்கை மிதித்தார், மிதி கீழே போய்விட்டது. எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை ஒடித்து ரோட்டோரத்து மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். பிள்ளைகள் அழுதார்கள், டிபன் பாக்ஸெல்லாம் கொட்டிப்போனது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. அன்று மத்தியானமே செல்வம் கடைக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்து, பிரேக்குக்குள் எண்ணெயை அடைத்து நிற்கும் சின்ன ரப்பரை மேஜை மேல் வைத்தார். ஊறி உப்பிப் பிளந்திருந்தது. "உங்க கடை சாமான்கா" என்றார்.

வேனை இழுத்துவந்து பாயிடம் காட்டச் சொன்னேன். ஆனால் பாய் வேனைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்து ரப்பர்தான் எங்களுடையது என்று செல்வமே ஒத்துக்கொண்டார். இன்னொரு பக்கத்துக்கு, கப்பலில் வருகிற சாமான் மலிவு என்று மெட்ராஸில் வேறு கடையில் வாங்கியிருந்தார். "அப்ப அதுதான் பிளந்திருக்கும்" என்றேன். "இல்ல, உங்களுதுதான்" என்றார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டுமே உப்பியிருந்தன. எது எதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த ரகத்தில் கடையில் இருந்த அத்தனையையும் இறக்கி மூட்டை கட்டினேன். மறுநாள் நான், என் வீட்டுக்காரர், செல்வம் மூன்று பேரும் அந்த மூட்டையோடு மெட்ராஸ் பஸ் ஏறினோம்.

எங்களுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியின் குடோன் ஒரு சந்துக்குள் இருந்தது. சொல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டோம். தரையில் ஒரே குவியலாக ரப்பர் கொட்டிக் கிடந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அதிலிருந்து எடுத்து, ஒரு கையால் நம்மூர்ப் பெயர் போட்ட பெட்டியிலும் இன்னொரு கையால் புரியாத எழுத்து போட்ட பெட்டியிலும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி கொஞ்சமும் அசரவில்லை. "கேக்கற ஆளுக்கேத்த பொட்டிங்க. லோக்கல் கேட்டா லோக்கல், ஃபாரின் கேட்டா ஃபாரின்" என்றார். என் வீட்டுக்காரர் அவரை அடிக்கப் போய்விட்டார். கடைப் பையன்கள் பிடித்து விலக்கினார்கள். வியாபாரி எங்கள் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரும் குடித்தோம்.

அதன் பிறகு அங்கே சரக்கு எடுக்கவில்லை. எந்த ரப்பர் வந்தாலும் ஒன்றை எடுத்து பாட்டிலில் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, உப்பவில்லை என்று பார்த்துத்தான் விற்பேன். அன்று திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பஸ் நின்றது. செல்வம்தான் ஆரம்பித்தார். "அக்கா, நான் உங்கள சந்தேகப்பட்டேன். நீங்க என்னை சந்தேகப்பட்டீங்க. ரெண்டு பேரையும் அடிச்சிக்க வச்சவன், நமக்கே டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான் பாருங்க."

கைப்பிடி போய் வந்த தூரம்

2000-க்கு மேல் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டன. ரமணாசிரமம் பக்கம் வாடகை வீட்டில் இருந்த ஒரு இங்கிலாந்துக்காரர், ஆசைப்பட்டு ஒரு பழைய அம்பாசடரை வாங்கியிருந்தார். ஓரளவு தமிழ் பேசுவார். கதவின் கைப்பிடி உடைந்ததென்று வந்தார், விலை சொன்னேன். ஆட்டோக்காரர்களிடம் பட்ட அனுபவம் போலிருக்கிறது. "இது வெள்ளைக்காரன் விலை. எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருடைய நாட்டிலும் அதே மாதிரிப் பழைய கார் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் பார்த்து, அங்கே மலிவு என்று ஆர்டர் போட்டுவிட்டார்.

கைப்பிடி வரவே இல்லை. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறந்துகொண்டு திரிந்தார். பிறகு கஸ்டம்ஸில் நிற்கிறது என்று தகவல் வந்தது. வரி, தபால் செலவு எல்லாம் சேர்த்து என் விலையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஒரு வழியாக அதை வாங்கி பாயிடம் கொண்டுவந்தார். பாய் உறையைக் கிழித்து, கைப்பிடியைத் திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார். பின்பக்கம் 'மேட் இன் இந்தியா' என்று அச்சு. என் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நான் குத்திக் காட்டுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, முதலில் முகம் சிவந்தது. பிறகு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, உங்க கைப்பிடி சும்மா உக்காந்திருக்கு. என் கைப்பிடி மட்டும்தான் உலகத்த சுத்தி கிரிவலம் போயிருக்கு!"

உள்ளூரை நம்பாதவர்கள் வெளிநாட்டை நம்பினார்கள், வெளிநாட்டை நம்பாதவர்கள் உள்ளூரை நம்பினார்கள், நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.